மதர்போர்டுகளை பெஞ்ச்மார்க் வைத்து ஒப்பிடுவது எப்படி: போர்டையும் அதன் செட்டிங்கையும் பிரித்துப் பார்க்கும் வழி

அதே ப்ராசசர், அதே ரேம், அதே கூலர். ஆனால் ஒரு மதர்போர்டில் சினிபெஞ்ச் என்ற ப்ராசசர் வேகச் சோதனையின் ஸ்கோர் இன்னொன்றைவிட 4 சதவீதம் கூடுதலாக வருகிறது. உடனே அந்த போர்டுதான் வேகமானது என்று சொல்லிவிடத் தோன்றும். அந்த 4 சதவீதம் போர்டின் கட்டுமானத்தால் வந்ததா, இல்லை தயாரிப்பாளர் பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) போட்டுவைத்த ஒரு பவர் லிமிட்டால் (ப்ராசசர் இழுக்கக்கூடிய மின்சாரத்தின் எல்லை) வந்ததா என்று தெரியாதவரை அந்த ஸ்கோரை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. செட்டிங்கால் வந்ததென்றால் இரண்டே நிமிடத்தில் மற்ற போர்டிலும் அதைக் கொண்டுவந்துவிடலாம். கட்டுமானத்தால் வந்ததென்றால் என்ன செய்தாலும் வராது. போர்டு வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது இதுதான், அதனால் சோதனையையே இதற்கேற்ற மாதிரி அமைக்க வேண்டும்.

முன்பெல்லாம் மதர்போர்டு மாறினால் வேகமே மாறும். ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலர் அப்போது போர்டில் இருக்கும் சிப்செட்டின் நார்த்பிரிட்ஜ் என்ற சிப்புக்குள் இருந்தது, அதனால் எந்த சிப்செட், எந்த போர்டு என்பதைப் பொறுத்து ரேமின் வேகம் கூடும் குறையும். 2003-இல் ஏஎம்டி அத்லான் 64-உடன் அதை ப்ராசசருக்குள் கொண்டுவந்தது, 2008-இல் இன்டெல் முதல் கோர் ஐ7-இல் அதையே செய்தது. பிறகு கிராஃபிக்ஸ் கார்டுக்கான பிசிஐஇ லேன்களும் (தகவல் போகும் பாதைகள்) ப்ராசசருக்குள்ளேயே போய்விட்டன. இப்போது போர்டுக்கு மிஞ்சியிருக்கும் வேலை என்னவென்றால் ப்ராசசருக்கு மின்சாரத்தைச் சுத்தமாகக் கொடுப்பது, ரேமுக்கும் ஸ்லாட்டுகளுக்கும் சிக்னலைச் சிதையாமல் கொண்டுபோவது, அப்புறம் நாம் கைவைக்காத நூற்றுக்கணக்கான செட்டிங்குகளில் தானாக ஒரு முடிவெடுப்பது. செட்டிங் எல்லாம் ஒன்றாக இருந்து, சூட்டினால் எதுவும் தடுக்கப்படாமலும் இருந்தால், ஒரே ப்ராசசர் இரண்டு நல்ல போர்டுகளில் ஏறத்தாழ ஒரே ஸ்கோரைத்தான் தரும். அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

இரண்டு சுற்று, கட்டாயம்

ஒவ்வொரு போர்டையும் இரண்டு முறை சோதியுங்கள். முதல் சுற்றில் பயாஸில் டீஃபால்ட் செட்டிங்கை லோடு செய்து, ரேமில் தயாரிப்பாளர் பதிந்து தரும் வேக அமைப்பான எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ ப்ரொஃபைலை மட்டும் ஆன் செய்துவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிட வேண்டும். பெட்டியைத் திறந்து மாட்டும் பெரும்பாலானோருக்குக் கிடைக்கப்போவது இந்த அனுபவம்தான். இரண்டாம் சுற்றில் பவர் லிமிட், ரேம் டைமிங் (ரேமின் காத்திருப்பு அளவுகள்), ஃபேன் வேகம் எல்லாவற்றையும் கையால் ஒரே மாதிரி போட்டுச் சமப்படுத்த வேண்டும். முதல் சுற்று தயாரிப்பாளரின் தேர்வைக் காட்டும், இரண்டாம் சுற்று போர்டைக் காட்டும். ஒரே ஒரு சுற்றோடு நிறுத்தும் ஒப்பீடுகள்தான் அதிகம், அதனால்தான் ஒரே போர்டைப் பற்றி இருவர் நேர்மாறாகச் சொல்வதைப் பார்க்கிறோம்.

டீஃபால்ட் என்பது எவ்வளவு தூரம் மாறும் என்று தெரிந்தால்தான் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரியும். இன்டெல் கோர் ஐ9-14900கே-வுக்கு இன்டெல் சொல்லும் அளவு பிஎல்1 (தொடர்ந்து இழுக்கும் மின்சாரத்தின் எல்லை) 125 வாட், பிஎல்2 (டர்போ நேரத்துக்கான எல்லை) 253 வாட். ஆனால் பல போர்டுகள் பல காலமாக அந்த இடத்தில் 4095, 4096 வாட் என்று ஒரு எண்ணைப் போட்டு வைத்திருந்தன, அதாவது லிமிட்டே இல்லை. அதற்கு முன்பே, 2012 வாக்கில், மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட் என்ற பெயரில் எல்லா கோர்களையும் ஒற்றைக் கோருக்கான டர்போ வேகத்தில் ஓடவிடும் பழக்கம் தொடங்கிவிட்டது. 2024-இல் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசசர்கள் பழுதாகும் பிரச்சினை வெடித்த பிறகுதான் இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ் என்ற ப்ரொஃபைல் பயாஸ்களில் வந்தது, அந்த ஆண்டு ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடும் (ப்ராசசரின் உள் மென்பொருள்) வந்தது. ஆகவே 2023 பயாஸ் உள்ள ஒரு போர்டையும் 2024-க்குப் பிந்தைய பயாஸ் உள்ள இன்னொன்றையும் ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது பயாஸ் தேதியைத்தான்.

ஏஎம்டி பக்கமும் இதே கதைதான். ரைசன் 7 9700எக்ஸ் 65 வாட் சிப், சாக்கெட்டுக்குப் போகும் மின்சாரத்தின் எல்லை 88 வாட். பிறகு வந்த பயாஸ்களில் 105 வாட் மோடு சேர்க்கப்பட்டது, அதை ஆன் செய்தால் எல்லை 142 வாட் ஆகிவிடும். ஒரு போர்டில் இது ஆன், இன்னொன்றில் ஆஃப் என்றால் மல்டிகோர் ஸ்கோர் கண்டிப்பாக வேறுபடும். பவர் எல்லையைத் தளர்த்தும் பிபிஓ செட்டிங் ஆட்டோவில் இருக்கிறதா, எனேபிளில் இருக்கிறதா என்பதையும் ஒவ்வொரு போர்டிலும் பார்த்து எழுதி வையுங்கள்.

மேசையைத் தயார் செய்தல்

ப்ராசசர் அதே மாடல் என்றால் போதாது, அதே துண்டாக இருக்க வேண்டும். ஒரே மாடலில் இரண்டு சிப்புகள் ஒரே வேகத்துக்கு வெவ்வேறு வோல்டேஜ் கேட்கும், அது சூட்டையும் வாட்டையும் மாற்றிவிடும். ரேம் கிட், எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, கூலர் எல்லாமே அதே பொருள். ரேமை ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் மாட்டுவது நான்கு ஸ்லாட் போர்டுகளில் வழக்கம், ஆனாலும் மேனுவலைப் பார்த்துவிடுங்கள். ப்ராசசரை மாற்றி மாற்றி எடுத்து வைக்கும்போது சாக்கெட் பின்கள் வளையாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். கேபிளைக் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில், நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை.

ஃபேன் விஷயத்தில் பலர் கோட்டை விடுவார்கள். ஒவ்வொரு போர்டுக்கும் அதற்கென ஒரு ஃபேன் கர்வ் இருக்கிறது, ஒன்று சத்தம் குறைவாக இருக்கட்டும் என்று மெதுவாகச் சுற்றும், இன்னொன்று ஆரம்பத்திலேயே முழு வேகத்தில் ஓடும். இரண்டாம் சுற்றில் எல்லா ஃபேன்களையும் ஒரே நிலையான வேகத்தில் வைத்துவிடுங்கள். அறை வெப்பநிலையையும் ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு டிகிரிக்கு மேல் மாறினால் சூடு சம்பந்தப்பட்ட எண்களை அப்படியே ஒப்பிடக் கூடாது. ரைசன் 7000 வரிசை 95 டிகிரி வரை போய் அங்கேயே நின்று வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டது, அந்த மாதிரி சிப்பில் கூலர் கொஞ்சம் மெதுவானால் வெப்பநிலை மாறாது, வேகம்தான் குறையும்.

விண்டோஸை ஒவ்வொரு போர்டுக்கும் புதிதாக நிறுவுவதுதான் சரி. பழைய எஸ்எஸ்டியை அப்படியே எடுத்து அடுத்த போர்டில் மாட்டினாலும் பூட் ஆகும், ஆனால் முந்தைய போர்டின் டிரைவர்களும், தயாரிப்பாளரின் கன்ட்ரோல் சாஃப்ட்வேரும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். சிப்செட் டிரைவர், கிராஃபிக்ஸ் டிரைவர் வெர்ஷன்கள் ஒன்றாக இருக்கட்டும். பவர் பிளான் ஒன்றாக இருக்கட்டும். விண்டோஸ் செக்யூரிட்டியில் இருக்கும் மெமரி இன்டெக்ரிட்டி ஒரு போர்டில் ஆன் ஆகியும் இன்னொன்றில் ஆஃப் ஆகியும் இருந்தால் கேம்களில் வித்தியாசம் தெரியும், பயாஸில் விர்ச்சுவலைசேஷன் டீஃபால்ட்டாக ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்து இது மாறக்கூடும், அதனால் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்துங்கள். கிராஃபிக்ஸ் கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசசர் ஒரே நேரத்தில் அணுகவிடும் ரீசைசபிள் பார் செட்டிங்குக்கும் இதே கதைதான். டிரைவர் எல்லாம் போட்ட பிறகு நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, பத்து நிமிடம் சும்மா விட்டுவிட்டு, அப்புறம் தொடங்குங்கள். புதிதாக நிறுவிய விண்டோஸ் பின்னணியில் நிறைய வேலை செய்துகொண்டிருக்கும்.

ஒரு எண்ணை எப்போது நம்பலாம்

ஒரு டெஸ்ட்டை ஒரே ஒரு முறை ஓட்டி எடுத்த ஸ்கோரை நம்பாதீர்கள். ஆறு முறை ஓட்டி, முதலாவதைத் தள்ளிவிட்டு, மீதி ஐந்தின் நடு எண்ணை எடுங்கள். சராசரியைவிட நடு எண் நல்லது, ஏனென்றால் பின்னணியில் ஏதோ ஒன்று குறுக்கிட்டு ஒரு ரன் கெட்டுப்போனாலும் அது பாதிக்காது. குறைந்ததையும் கூடியதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு பேச்சுக்கு, ஒரு போர்டு 37,900 முதல் 38,250 வரையும் இன்னொன்று 38,050 முதல் 38,300 வரையும் தருகிறது என்றால், இந்த இரண்டு எல்லைகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன, அப்போது எது வேகம் என்று சொல்வதற்கே இடமில்லை.

இன்னொரு சோதனை இருக்கிறது, இதைச் செய்பவர்கள் குறைவு, ஆனால் எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. முதல் போர்டைச் சோதித்து, இரண்டாவதைச் சோதித்து, மறுபடியும் முதல் போர்டை மாட்டிச் சோதியுங்கள். தெர்மல் பேஸ்ட்டைத் தடவிய விதம், கூலர் ஸ்க்ரூவை இறுக்கிய அளவு, அன்றைய அறை வெப்பம் எல்லாம் சேர்ந்து எவ்வளவு வித்தியாசத்தைக் கொண்டுவருகின்றன என்பது அப்போதுதான் தெரியும். முதல் போர்டின் இரண்டு ஸ்கோர்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி, இரண்டு போர்டுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிக்குச் சமமாக வந்தால், நீங்கள் அளந்தது உங்கள் கைவேலையை. ரொம்ப நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் நாலு பேருக்குச் சொல்லப்போகும் முடிவு என்றால் இதைச் செய்தே ஆக வேண்டும்.

ப்ராசசர் டெஸ்ட்

சினிபெஞ்ச் ஆர்23 நல்ல ஆரம்பம், அதில் பத்து நிமிட ஓட்டம் டீஃபால்ட்டாகவே இருக்கிறது. 2023-இல் வந்த சினிபெஞ்ச் 2024-ஐயும் பயன்படுத்தலாம், ஆனால் இரண்டின் ஸ்கோர்களும் வேறு வேறு அளவுகோல், கலந்துவிடாதீர்கள். முதல் நிமிட ஸ்கோரையும் பத்தாவது நிமிட ஸ்கோரையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். டர்போ நேரம் முடிந்ததும் பிஎல்1-க்கு இறங்கும் போர்டும், இறங்காத போர்டும் இங்கேதான் பிரிந்து தெரியும்.

ஒற்றைக் கோர் ஸ்கோரில் சின்ன வித்தியாசம் வந்தால் முதலில் பிசிஎல்கே-யைப் பாருங்கள், அந்த அடிப்படைக் கடிகார வேகத்தை மல்டிப்ளையரால் பெருக்கினால் வருவதுதான் ப்ராசசரின் வேகம். 100 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தாலும் ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் ஆன் ஆன போர்டில் அது 99.8 அளவில் ஓடும், சில போர்டுகள் 100-க்குச் சற்று மேலேயே வைத்திருக்கும். 55 மல்டிப்ளையரில் 100.4 என்றால் 5500-க்குப் பதில் 5522 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். இந்த மாதிரி அரை சதவீத முன்னிலைக்கு எந்தப் பொறியியல் சிறப்பும் காரணமில்லை. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிசிஎல்கே-யை மாற்றிவிட்டு பெஞ்ச்மார்க் ஓட்டவும் கூடாது. விண்டோஸ் 8-இல் அப்படிச் செய்தால் கணினியின் கடிகாரமே தப்பாக ஓடி ஸ்கோர் பொய்யாகிவிடும் என்பது தெரியவந்து, 2013-இல் ஓவர்க்ளாக்கிங் ஸ்கோர்களைப் பட்டியலிடும் எச்டபிள்யூபாட் தளம் அந்த விண்டோஸின் ஸ்கோர்களைத் தடை செய்தது. மாற்ற வேண்டுமென்றால் பயாஸில் மாற்றி, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ரேம்: பல வித்தியாசங்கள் ஒளிந்திருக்கும் இடம்

எக்ஸ்எம்பி, எக்ஸ்போ ஆன் செய்துவிட்டால் ரேம் எல்லா போர்டிலும் ஒரே மாதிரி ஓடும் என்று நினைப்பது இயல்பு. அந்த ப்ரொஃபைலில் இருப்பது வேகம், வோல்டேஜ், முக்கிய டைமிங்குகள், இன்னும் சில. மீதியிருக்கும் சப்-டைமிங்குகளை போர்டு தானாகத் தேர்ந்தெடுக்கிறது. டிஆர்இஎஃப்ஐ, டிஆர்எஃப்சி போன்றவற்றை ஒரு போர்டு இறுக்கமாகவும் இன்னொன்று தளர்வாகவும் வைத்தால், பெட்டியில் ஒரே டிடிஆர்5-6000 சிஎல்30 என்று எழுதியிருந்தும் லேட்டன்சி (ரேம் பதில் தர எடுக்கும் நேரம்) வேறுபடும். ஏஎம்டியில் ஜென்டைமிங்ஸ் என்ற சின்ன மென்பொருளும், இன்டெலில் அஸ்ராக் டைமிங் கான்ஃபிகரேட்டரும் இவற்றை வரிசையாகக் காட்டிவிடும். இரண்டு போர்டிலும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கேம்களில் வரும் 2, 3 சதவீத வித்தியாசத்துக்கு விடை பல சமயம் அந்த ஸ்க்ரீன்ஷாட்டிலேயே கிடைத்துவிடும்.

டைமிங்குக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது விகிதம். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில் மெமரி கன்ட்ரோலர் ரேமின் வேகத்தோடு ஒன்றுக்கு ஒன்றாக ஓடுகிறதா, பாதி வேகத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். ரேம் வேகத்தைக் கூட்டும்போது சில போர்டுகள் கேட்காமலேயே பாதிக்கு இறக்கிவிடும். இன்டெலில் இதைத்தான் கியர் 1, கியர் 2, கியர் 4 என்கிறார்கள். இது தெரியாமல் கூடுதல் வேகத்தில் ரேம் ஓடும் போர்டு பின்தங்குவதைப் பார்த்து போர்டைக் குறை சொல்வது நியாயமில்லை.

அளப்பதற்கு எய்டா64-இன் மெமரி டெஸ்ட் எளிது, நானோசெகண்டில் லேட்டன்சி காட்டும். டிடிஆர்5-6000 இரண்டு சேனலில் காகிதக் கணக்கில் நொடிக்கு 96 ஜிபி வர வேண்டும், ஆனால் ஒரே ஒரு சிசிடி (கோர்கள் இருக்கும் சிப்புத் துண்டு) உள்ள ரைசனில் ரீட் வேகம் அறுபது சொச்சத்தில் நின்றுவிடும். காரணம் ப்ராசசருக்குள் இருக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற இணைப்பு: 2000 மெகாஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 32 பைட், அதாவது 64 ஜிபிதான் அதன் வாசல். எந்த போர்டு மாற்றினாலும் இது ஏறாது. நடைமுறை சார்ந்த அளவு வேண்டுமென்றால் செவன்-ஜிப்பின் உள்ளேயே இருக்கும் பெஞ்ச்மார்க்கை ஓட்டுங்கள், அதில் கம்ப்ரெஷன் ஸ்கோர் ரேம் லேட்டன்சியைச் சார்ந்தது, டீகம்ப்ரெஷன் பெரும்பாலும் ப்ராசசரைச் சார்ந்தது, ஆகவே கம்ப்ரெஷன் மட்டும் வேறுபட்டால் ரேம் பக்கம் திரும்பிப் பாருங்கள். ஒய்-க்ரஞ்சரில் 250 கோடி இலக்கம் பை கணக்கிடச் சொன்னால் ரேமின் பேண்ட்விட்த் நன்றாகச் சோதிக்கப்படும். இதற்கெல்லாம் முன் ரேம் தவறில்லாமல் ஓடுகிறதா என்று மெம்டெஸ்ட்86 மாதிரி ஒன்றை ஒரு முழுச் சுற்று ஓட்டிவிடுங்கள். நிலையாக ஓடாத செட்டிங்கில் எடுத்த ஸ்கோரால் யாருக்கும் பயனில்லை.

விஆர்எம்: விலைக்கேற்ற வித்தியாசம் உண்மையில் தெரிவது இங்கே

சமப்படுத்திய சுற்றிலும் ஒரு போர்டு பின்தங்கினால் விஆர்எம் மேல்தான் முதலில் சந்தேகம் வர வேண்டும். பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டை ப்ராசசருக்கு வேண்டிய ஒரு வோல்ட் சொச்சத்துக்கு இறக்கும் பகுதி அது. 250 வாட்டை அந்த வோல்டேஜில் கொடுக்க வேண்டுமென்றால் இருநூறு ஆம்பியர் அளவுக்குக் கரன்ட் ஓட வேண்டும். குறைந்த விலை போர்டில் ஃபேஸ்கள் (சுமையைப் பங்கிடும் மின்சுற்றுகள்) குறைவு, மாஸ்ஃபெட் (மின்சார சுவிட்ச்) சுமார் ரகம், ஹீட்சிங்க் பேருக்கு ஒன்று இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. முதல் ஐந்து நிமிடம் எல்லாம் நன்றாகத்தான் போகும், பிறகு சூடு ஏறி போர்டு ப்ராசசரின் வேகத்தைக் கீழே இழுக்கும்.

அதனால் இந்த டெஸ்ட்டுக்குக் குறைந்தது 30 நிமிடம் வேண்டும். சினிபெஞ்சைத் திரும்பத் திரும்ப ஓடவிடலாம், இன்னும் கடினமாக வேண்டுமென்றால் பிரைம்95-இன் ஸ்மால் எஃப்எஃப்டி அல்லது ஓசிசிடி. பக்கத்தில் சென்சார் அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து லாகிங்கை ஆன் செய்துவிடுங்கள், இரண்டு நொடிக்கு ஒரு முறை எல்லா சென்சாரும் ஒரு ஃபைலில் பதிவாகும், பிறகு அதை ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு வரைபடமாகப் பார்த்தால் வேகம் எந்த நிமிடத்தில் விழுந்தது என்பது பளிச்சென்று தெரியும். கவனிக்க வேண்டிய வரிகள்: விஆர்எம் வெப்பநிலை, பேக்கேஜ் பவர், எஃபெக்டிவ் க்ளாக். சாதாரண க்ளாக்கைப் பார்க்காதீர்கள், கோர் நடுநடுவே நிறுத்தப்பட்டாலும் அது முழு வேகத்தையே காட்டும், எஃபெக்டிவ் க்ளாக் நிஜமாக வேலை செய்த வேகத்தைச் சொல்லும். இன்டெலில் பெர்ஃபார்மன்ஸ் லிமிட் ரீசன்ஸ் என்ற பகுதி இருக்கிறது, அங்கே விஆர் தெர்மல் அலர்ட் என்ற வரியில் யெஸ் என்று வந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. பிஎல்1 வரியில் யெஸ் வந்தால் அது வெறும் செட்டிங்.

சில போர்டுகளில் விஆர்எம் சென்சாரே இருக்காது. அப்போது தெர்மோகப்பிள் ஒன்றை போர்டின் பின்பக்கம், மாஸ்ஃபெட்டுகளுக்கு நேர் பின்னால், வெப்பம் தாங்கும் டேப்பால் ஒட்டி அளக்கலாம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் பளபளப்பான ஹீட்சிங்க் மேல் காட்டினால் தவறான எண் வரும், மேட் கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் காட்டுங்கள். காற்றோட்டத்தையும் மறக்காதீர்கள். ஏர் கூலர் போடும்போது அதன் காற்றில் கொஞ்சம் விஆர்எம் பக்கமும் போகும், லிக்விட் கூலர் போட்டால் அந்தக் காற்று இருக்காது. திறந்த மேசையில் ஒரு விதமாகவும் மூடிய கேஸில் வேறு விதமாகவும் இருக்கும். உங்கள் கணினி கேஸுக்குள் இருக்கப்போகிறதென்றால் கேஸுக்குள் வைத்துத்தான் இந்த டெஸ்ட்டைச் செய்ய வேண்டும்.

மென்பொருள் காட்டும் வாட் அளவும் போர்டு கொடுத்த தகவல்தான் என்பதை நினைவில் வையுங்கள். 2020-இல் எச்டபிள்யூஇன்ஃபோவில் பவர் ரிப்போர்ட்டிங் டீவியேஷன் என்ற வரி சேர்க்கப்பட்டது, அது ஏன் வந்ததென்றால் ஏஎம்4 போர்டுகள் சில ரைசன் ப்ராசசருக்கே கரன்ட் அளவைக் குறைத்துச் சொல்லி, அது தன் எல்லைக்குள் இருப்பதாக நம்பவைத்து, கூடுதல் வேகத்தில் ஓடவைத்தன. டீஃபால்ட் செட்டிங்கில், எல்லா கோர்களும் முழு வேலையில் இருக்கும்போது அந்த வரி 100 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ரொம்பக் குறைவாக இருந்தால் அந்த போர்டு தன் கணக்கைச் சரியாகச் சொல்லவில்லை. நேரடியாகச் சரிபார்க்க டிசி க்ளாம்ப் மீட்டர் இருந்தால் ப்ராசசருக்குப் போகும் 8 பின் கேபிளின் 12 வோல்ட் வயர்களை மட்டும் சேர்த்துப் பிடித்து ஆம்பியரை அளந்து 12-ஆல் பெருக்குங்கள். இரண்டு 8 பின் கேபிள் இருந்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். அதில் விஆர்எம்மின் இழப்பும் சேர்ந்திருக்கும், ஒப்பீட்டுக்கு அது நல்லதுதான்.

எஸ்எஸ்டி, ஸ்லாட், மற்றவை

எம்.2 ஸ்லாட் எல்லாம் ஒன்றல்ல. ப்ராசசரோடு நேராக இணைந்தது ஒன்று, சிப்செட் வழியாகப் போவது இன்னொன்று. நான்கு லேனில் பிசிஐஇ 3.0 நொடிக்கு 3.94 ஜிபி, 4.0 என்றால் 7.88, 5.0 என்றால் 15.75 என்பது உச்சம். கிரிஸ்டல்டிஸ்க்மார்க்கில் தொடர் ரீட் வேகம் இந்த எல்லையில் முட்டி நிற்கிறதா என்று பாருங்கள், எஸ்எஸ்டி 4.0 ஆக இருந்து 3.5 ஜிபி மட்டும் வந்தால் ஸ்லாட் 3.0 ஆக இருக்கலாம். அதைவிட அன்றாட வேலைக்கு முக்கியம் 4கே க்யூ1டி1 எண் (சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் வேகம்), சிப்செட் வழி ஸ்லாட்டில் அது கொஞ்சம் குறையும். ஆகவே ஒரு போர்டின் மேல் ஸ்லாட்டை இன்னொரு போர்டின் கீழ் ஸ்லாட்டோடு ஒப்பிடாதீர்கள். எக்ஸ்570, எக்ஸ்670 போர்டுகளில் சிப்செட்டுக்கும் ப்ராசசருக்கும் நடுவே இருப்பது நான்கு பிசிஐஇ 4.0 லேன்தான், அங்கே இரண்டு வேகமான எஸ்எஸ்டிகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் இரண்டும் அந்த 7.88 ஜிபியைப் பங்கு போட்டுக்கொள்ளும். சில போர்டுகளில் எம்.2-வை நிரப்பினால் கிராஃபிக்ஸ் கார்டு 16-லிருந்து 8 லேனுக்கு இறங்கும், வேறு சிலவற்றில் சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும். ஜிபியு-இசட்டில் ரெண்டர் டெஸ்ட்டை ஓடவிட்டுத்தான் லேன் எண்ணிக்கையைப் பாருங்கள், சும்மா இருக்கும்போது லிங்க் வேகம் தானாகக் குறைந்திருக்கும்.

நெட்வொர்க்கில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம். ஐபெர்ஃப்3 ஓட்டினால் ஒரு கிகாபிட் போர்ட்டில் 940 மெகாபிட், 2.5 கிகாபிட்டில் 2.35 கிகாபிட் வந்தால் சரி, அடுத்ததற்குப் போகலாம். ஆடியோவில் தட்டுத்தடங்கல் வருகிறது என்பவர்களுக்கு லேட்டன்சிமான் உதவும், பதினைந்து நிமிடம் ஓடவிட்டு எந்த டிரைவர் அதிக நேரம் பிடித்துவைக்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் நெட்வொர்க் அல்லது வைஃபை டிரைவர்தான் சிக்கும்.

பூட் நேரமும் சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்சாரமும் போர்டுக்குப் போர்டு நிஜமாகவே மாறுபவை, ஆனால் ஒப்பீடுகளில் இவற்றை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் லாஸ்ட் பயாஸ் டைம் என்று நொடிக்கணக்கில் காட்டும். ஏஎம்5-இல் மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் ஆஃப் என்றால் ஒவ்வொரு முறையும் ரேம் ட்ரெய்னிங் நடந்து அது நீளும், எனவே அந்த செட்டிங்கை இரண்டிலும் ஒன்றாக வைத்து அளக்கவும். மின்சாரத்துக்கு சுவர் ப்ளக்கில் மாட்டும் வாட் மீட்டர் போதும். எக்ஸ்670-இல் இரண்டு சிப்செட் சிப், பி650-இல் ஒன்றே ஒன்று, அந்தக் கூடுதல் சிப் கணினி சும்மா இருக்கும்போதும் மின்சாரம் இழுத்துக்கொண்டிருக்கும். நாள் முழுக்க ஆன் ஆகியே இருக்கும் கணினிக்கு இந்த எண் சினிபெஞ்ச் ஸ்கோரைவிடப் பெரிய விஷயம்.

கேம்களில் ஒப்பிடும்போது ரெசல்யூஷனை 1080பி அல்லது அதற்கும் கீழே வைத்து, ப்ராசசர் திணறும் கேமாகப் பார்த்து எடுங்கள். 4கே-யில் கிராஃபிக்ஸ் கார்டுதான் எல்லை, அங்கே எல்லா போர்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஃப்ரேம் வேகத்தை அளக்கும் கேப்ஃப்ரேம்எக்ஸ் வைத்து சராசரியோடு 1 சதவீத லோ எண்ணையும் (மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களின் வேகம்) எடுங்கள், ரேம் டைமிங் வித்தியாசம் அங்கேதான் முதலில் தலைகாட்டும். எக்ஸ்3டி ப்ராசசராக இருந்தால் பெரிய கேஷ் இருப்பதால் அந்த வித்தியாசமும் சுருங்கிவிடும்.

எண்களைப் படிப்பது

முதல் சுற்றில் வித்தியாசம், இரண்டாம் சுற்றில் சமம் என்றால் அது செட்டிங். அதே செட்டிங்கை விலை குறைந்த போர்டில் போட்டுக்கொள்ளலாம், 30 நிமிட டெஸ்ட்டை அது தாங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டாம் சுற்றிலும் வித்தியாசம் இருந்து எஃபெக்டிவ் க்ளாக் விழுந்தால் விஆர்எம் அல்லது குளிர்விப்பு. க்ளாக் சமமாக இருந்தும் ஸ்கோர் விழுந்தால் ரேம் சப்-டைமிங், அல்லது கியர். அதுவும் சமமென்றால் விண்டோஸ் பக்கம் போய் மெமரி இன்டெக்ரிட்டியையும் பின்னணி வேலைகளையும் மறுபடி சரிபாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டுங்கள், இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

முடிவை யாருக்காவது காட்டும்போது ஸ்கோருக்குப் பக்கத்திலேயே பயாஸ் வெர்ஷன், ஏஜீசா (ஏஎம்டி தரும் பயாஸ் அடிப்படைக் கோடு) அல்லது மைக்ரோகோட் எண், பவர் லிமிட்டுகள், ரேம் டைமிங், அறை வெப்பநிலை, திறந்த மேசையா கேஸா என்பதையும் எழுதுங்கள். பயாஸ் அப்டேட் வந்தால் பழைய எண்கள் செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2023-இல் ரைசன் 7000எக்ஸ்3டி சிப்புகள் சில கருகிய பிறகு வந்த பயாஸ்கள் எஸ்ஓசி வோல்டேஜை (ப்ராசசருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்கானது) 1.3-க்கு மேல் போகவிடாமல் பூட்டின, அதற்கு முன் கூடுதல் வோல்டேஜில் ஓடிய ரேம் செட்டிங்கை அதற்குப் பின் மறுபடி சோதிக்க வேண்டியிருந்தது. முழு பட்டியலையும் திரும்ப ஓட்ட நேரமில்லையென்றால் சினிபெஞ்ச் பத்து நிமிடம், செவன்-ஜிப், எய்டா64 லேட்டன்சி, லாகிங்கோடு விஆர்எம் டெஸ்ட் இந்த நான்கை மட்டும் ஓட்டுங்கள். அப்டேட் செய்வதற்கு முன் பழைய பயாஸ் செட்டிங் பக்கங்களை எஃப்12 அழுத்தி யுஎஸ்பியில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள், பல போர்டுகளில் இந்த வசதி உண்டு. அப்டேட் ஆனதும் சேமித்த ப்ரொஃபைல்கள் அழிந்துவிடும், சில போர்டுகள் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிப் போகவும் விடாது.